யார் வந்து பேசினார்கள் என்று எழுதி வையுங்கள்

ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2025 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காகத் திருவனந்தபுரத்தில் தொடங்கிய கம்பெனியையும் கணக்கு முடித்து மூடுவார்கள் என்றே ஊர் எதிர்பார்த்தது. ஆனால் கம்பெனிகளைக் கலைக்க வேண்டாம், வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள் என்று அதே ஆண்டு ஜூன் மாதம் ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. முதலீட்டாளர்களுக்கு வழி செய்துகொடுப்பதும் அந்த வேலைகளில் ஒன்று. நிலமும் ஒப்பந்தமும் தேடி வருகிறவர்கள் இனி முதலில் தட்டப்போவது அந்தக் கதவைத்தான். தட்டியவர் யார், யாருக்காக வந்தார் என்று பதிவு செய்ய இந்த நாட்டில் சட்டம் கிடையாது. அந்தக் குறையைச் சரிசெய்யாமல் இப்படியொரு பொறுப்பைக் கம்பெனிகளிடம் கொடுக்கச் சொன்னது தவறான முடிவு.

திருவனந்தபுரம் இந்தத் திட்டத்துக்குத் தேர்வானது 2017இல். மதிப்பீடு 1,538 கோடி ரூபாய். திட்டம் தொடர்பாக மாமன்றத்துக்கு இருக்கும் உரிமைகளையும் கடமைகளையும் கம்பெனியிடம் ஒப்படைக்கும்படி வழிகாட்டு நெறிமுறைகளே ஊக்குவித்தன. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சிலர் கேள்வி கேட்க வேண்டிய விஷயங்கள் இயக்குநர் குழுவின் மேசைக்குப் போயின.

இதில் சாலைக் கடைத்தெருக்காரர்களுக்கு என்ன என்று கேட்கலாம். அங்கே கொத்துவால் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், கடை வாசலில் ஓடை அடைத்துக் கிடக்கிறது என்று மாநகராட்சியில் மனு கொடுத்தால் என்ன நடக்கிறது? பெயர், முகவரி, கைபேசி எண், தேதி எல்லாம் உள்ளாட்சிகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளத்தில் ஏறுகிறது. ரசீது கிடைக்கிறது. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தேடிப் பார்க்கலாம். மனு தள்ளுபடியானாலும் அவர் வந்து கேட்டதற்குச் சாட்சி இருக்கிறது. அதே ஓடைக்கரையில் பெரிய கட்டடம் எழுப்ப நினைக்கும் நிறுவனத்தின் ஆள் வந்தால் அவருக்கு எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை. அதிகாரியின் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்திருந்தால், ஏன் நகர்ந்தது என்று யாரிடம் கேட்பது?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பதிவில் இருப்பதைத்தான் அந்தச் சட்டம் வாங்கித் தரும். எழுதி வைக்காத பேச்சுக்கு நகல் கிடைக்காது. 2012இல் வால்மார்ட் விவகாரத்தில் நாடாளுமன்றம் கொந்தளித்ததை மறந்துவிடக் கூடாது. இந்தியச் சந்தையில் நுழைவது உட்படப் பல விஷயங்களுக்காக அந்த நிறுவனம் லாபிக்கு, அதாவது ஆட்சியில் இருப்பவர்களிடம் ஆள் வைத்துப் பேசுவதற்கு, செலவழித்த தொகை நமக்குத் தெரியவந்ததே, அதைக் கணக்குக் காட்டும்படி அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான். இங்கே மறுவருடம் லாபி வேலைகளை வெளிப்படுத்தக் கோரி மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

நம்மவர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கும் டொராண்டோவில் லாபி வேலைகளை வெளிப்படுத்துவது மாநகராட்சி மட்டத்திலேயே நடக்கிறது. அந்த மாநகராட்சி கம்ப்யூட்டர்களைக் குத்தகைக்கு எடுத்ததில் செலவு ஏறிக்கொண்டே போனதை விசாரித்த நீதிபதி டெனிஸ் பெல்லமி 2005இல் அறிக்கை தந்தார். அதன் பிறகு, 2008 முதல் அங்கே லாபிக்காரர்களுக்கான பதிவேடு இருக்கிறது. யார், யாருக்காக, எந்தக் கவுன்சிலரிடம் அல்லது அதிகாரியிடம், எதைப் பற்றிப் பேசினார் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போய்ப் பேசுவது குற்றமல்ல. சாலை வியாபாரிகள் சங்கமும் போய்ப் பேசட்டும், அதையும் பதிவு செய்யட்டும்.

எங்களை நம்புங்கள் என்று சொல்லும் தகுதியை இந்த நகரத்தை நடத்தியவர்கள் எப்போதோ இழந்துவிட்டார்கள். விளப்பில்சாலையில் 2000இல் குப்பை ஆலை திறந்தார்கள். சுற்றியிருந்த மக்கள் நாற்றம் பொறுக்காமல் முறையிட்டபோது காது கொடுக்கவில்லை. 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டியது. அடுத்த ஆண்டு போலீஸ் காவலோடு லாரிகளை அனுப்பினார்கள். ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். 2015இல் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் வெள்ளம் நிற்காமல் இருக்க ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடை ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கினார்கள். ஏழைகளின் கூரைகளுக்கு மட்டுமல்லாமல் பெரிய கட்டடங்களுக்கும் கை நீண்டபோது ஊர் சந்தோஷப்பட்டது. வேலை பாதியில் நின்றது. யார் வந்து, யாரிடம், என்ன சொன்னதால் நின்றது? நமக்குத் தெரியாது. ஸ்மார்ட் ரோடு போடுகிறோம் என்று நகரத்தின் நடுவே குழி தோண்டி வருடக்கணக்கில் ஜனங்களைப் புழுதியில் நடக்கவிட்டார்கள். 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி செத்தார். ஓடை யார் பொறுப்பு என்று மாநகராட்சியும் ரயில்வேயும் அப்போதும் மாறி மாறிக் கை காட்டின.

இவர்களிடம்தான் இப்போது முதலீட்டாளர்களை அழைத்துவரும் வேலையும் வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவின் எதிர்காலத்தை, பெயர் தெரியாத யாரோ பூட்டிய அறையில் பேசித் தீர்மானிப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. டெல்லி சட்டம் போடும்வரை மாநகராட்சி காத்திருக்க வேண்டியதில்லை. தன் அலுவலகத்திலும், தனக்குப் பாதிப் பங்குள்ள கம்பெனியிலும் வந்துபோகிறவர்களைப் பற்றி எழுதி வைத்து ஊருக்குக் காட்ட ஏதாவது ஒரு ஏற்பாட்டை அது செய்தாக வேண்டும். கவுன்சிலர்கள் அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே இதை எழுப்ப வேண்டும். எழுப்பாதவர் யார் என்பதைச் சாலைக்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.