முயல் கூடையில் மிட்டாய்க்குப் பதிலாக என்ன வைக்கலாம்?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

போன வருஷம் ஏப்ரல் 20 ஈஸ்டர் அன்று நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். இயேசு உயிர்த்தெழுந்த திருநாள் என்றுதான் நமக்குத் தெரியும். அங்கே அதோடு ஒரு முயலும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி முயல் வந்து பிள்ளைகளுக்குக் கூடை வைத்துவிட்டுப் போகுமாம். ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம். இப்போது எல்லா மதத்துப் பிள்ளைகளும் கூடையைத் தூக்கிக்கொண்டு புல்வெளியில் பிளாஸ்டிக் முட்டை தேடுகிறார்கள். முட்டையைத் திறந்தால் உள்ளே மிட்டாய்.

மகள் இருக்கும் குடியிருப்பிலும் தேடினார்கள். என் பேத்திக்கு ஆறு வயசு. அவளோடு படிக்கும் பையன் ஒருவனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அவன் ஒவ்வொரு முட்டையாகத் திறந்து மிட்டாயை அம்மாவிடம் நீட்டினான். அவர் உறையைப் படித்துப் பார்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அவன் கூடையில் மிஞ்சியது இரண்டு ஸ்டிக்கரும் காலி முட்டைகளும். பையன் அழவில்லை. பழகிப்போன முகம். அந்த முகத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ், எல்லோருக்கும் ஒரு மிட்டாய், டீச்சருக்கு இரண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் தன் பிறந்தநாளன்று மட்டும் பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் எல்லோர் முன்னாலும், "நேத்து ஏன் வரல? மிட்டாய் குடுக்கணும்னு ஒளிஞ்சிக்கிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "காய்ச்சல் டீச்சர்" என்றாள். அந்த வாரம் அவள் அப்பாவுக்கு வேலை இல்லை என்று மதியம் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது. அதற்குப் பிறகு என் வகுப்பில் மிட்டாய் கிடையாது. பிறந்தநாள் பிள்ளை அன்றைக்கு என்ன கதை என்று தேர்ந்தெடுக்கும், சாயங்கால மணி அடிக்கும். ஆனால் அதற்கு முன் பல வருஷம் நானும் அந்த இரண்டு மிட்டாயை வாங்கி மேசை டிராயரில் போட்டவள்தான்.

நான் மிட்டாய்க்கு எதிரி இல்லை. "வருஷத்துல ஒரு நாள்தானேம்மா" என்று மகள் சொல்வதும் நியாயம்தான். கூடையில் ஒரு சாக்லேட் இருக்கட்டும். ஆனால் கூடை முழுக்க அதுவே என்றால் யாரோ ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது. இன்னொன்று, இரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். ஒரு கைப்பிடி ஜெல்லி பீன்ஸே அந்தக் கணக்கை முடித்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களே, மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அது மிருகத்திலிருந்து எடுப்பது.

மிட்டாய் வேண்டாம் என்று ஒரு கூடை பிளாஸ்டிக் சாமான் வாங்குவதும் சரியில்லை. இரண்டே நாளில் அது குப்பைக்குப் போகும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை வைத்துப் பிள்ளை நாளைக்கு என்ன செய்யும்?

தரையில் வரையும் தடித்த கலர் சாக்பீஸ் வையுங்கள். குளிர் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடும் காலம் அது. பாண்டிக் கட்டம் போட நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஸ்கிப்பிங் கயிறு, சோப்புக் குமிழி ஊதும் புட்டி, வயசுக்கேற்ற ஒரு கதைப் புத்தகம் போதும்.

விதை வையுங்கள். முள்ளங்கி நல்லது. சில நாளில் முளைக்கும், ஒரு மாதத்தில் பிடுங்கலாம். பொறுமை இல்லாத பிள்ளைக்கும் அது ஒத்துவரும். சூரியகாந்தி என்றால் முதலில் ஜன்னலோரம் ஒரு கப்பில் போடுங்கள், அங்கே ஏப்ரலில் இன்னும் உறைபனி விழும்.

முட்டைக்குள் துண்டுச் சீட்டு வைக்கலாம்: "இன்று ராத்திரி ஒரு கதை கூடுதல்", "ஞாயிற்றுக்கிழமை தோசை நீயே ஊற்றலாம்". எழுதிக் கொடுத்தால் கட்டாயம் செய்யுங்கள், மறந்தால் பிள்ளை மறக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. 24 துண்டு உள்ள ஒரு படப் புதிரை வாங்கி, 12 முட்டையில் இரண்டிரண்டாகப் போட்டு ஒளித்துவிடுங்கள். யார் எத்தனை முட்டை எடுத்தாலும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் படம் முடியும். அதிகம் எடுத்தவன், கிடைக்காதவன் என்ற பேச்சே இல்லை.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயசுக்குக் கீழே என்றால், டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் வைக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணி இவை எந்த வயசுப் பிள்ளைக்கும் வேண்டாம். அழகாக இருக்கிறதென்று உயிருள்ள முயலும் கோழிக்குஞ்சும் வாங்காதீர்கள். முயல் எட்டுப் பத்து வருஷம் வாழும். குஞ்சைத் தொட்ட கையை வாயில் வைத்தால் சால்மோனெல்லா கிருமி வரலாம்.

இந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 5. படப் புதிருக்கு மகள் சரி என்றிருக்கிறாள். அந்தப் பையனையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மூன்றாம் வகுப்புப் பெண் இதைப் படிக்கிறாளா தெரியாது. படித்தால், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டது டீச்சர் செய்த தப்பு, கண்ணு. மன்னித்துக்கொள்.

மற்றவர்கள் உங்கள் வீட்டுக் கூடையில் என்ன வைப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்