சுற்றுப்போட்டியை நிறுத்திய கடிதம்

2020 நவம்பரில் நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு செய்தி. நினைவேந்தல்களுக்கு எதிராக வடக்கின் நீதிமன்றங்களில் பொலிஸார் பெற்ற தடை உத்தரவுகள் பற்றியது அது. அதே மாதம் அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட ஒரு வீடியோ கேம் சுற்றுப்போட்டி என் கண்ணில் படவில்லை. சண்டை கேம்களிலேயே கிடக்கும் ஒன்றுவிட்ட தம்பிதான் பிறகு ஒருநாள், "அக்கா, கேம் விளையாடுறதுக்கும் தடை குடுக்கிறாங்கள், தெரியுமோ?" என்று கேட்டான்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவது வேறு, இது வேறு. ஆனாலும் அவன் சொன்னதைத் தேடிப் படித்தபின் அதைச் சும்மா விட முடியவில்லை.

'தி பிக் ஹவுஸ்' என்பது மிச்சிகன் மாநிலத்தில் 2011 முதல் ரசிகர்களே நடத்திவந்த சுற்றுப்போட்டி. அதில் முக்கியமான கேம், நிண்டெண்டோ 2001இல் வெளியிட்ட 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே'. அதை இணையத்தில் விளையாட நிறுவனம் வழிசெய்திருக்கவில்லை. பழைய பெட்டித் தொலைக்காட்சிகளின் முன்னால் தோளோடு தோள் உரச உட்கார்ந்துதான் விளையாடினார்கள். கொரோனா வந்ததும் மண்டபங்கள் மூடப்பட்டன.

அந்த ஆண்டு ஜூனில் 'ஸ்லிப்பி' என்ற மென்பொருள் வழி திறந்தது. அதை எழுதியதும் நிறுவனம் அல்ல, ரசிகர்கள். எங்கள் ஊர் இணைப்பில் வீடியோ அழைப்பு எடுத்தவர்களுக்குத் தாமதம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. சண்டை கேமில் ஒரு விநாடி அறுபது துண்டுகளாக ஓடுகிறது. இரண்டு, மூன்று துண்டு பிந்தினாலே அடி தவறிவிடும். ஸ்லிப்பி எதிராளியின் பொத்தான் வந்துசேரும்வரை காத்திருப்பதில்லை. அவர் என்ன செய்வார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது. ஊகம் பிழைத்தால் கண்ணிமைக்குமுன் பின்னால் போய்த் திருத்திக்கொள்கிறது. சண்டை கேம்களுக்கு இந்த முறையை முதலில் கொண்டுவந்த டோனி கனனும், 'இவோ' என்ற பெரிய போட்டியைத் தொடங்கிய ரசிகர்களில் ஒருவர்தான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஸ்லிப்பி வழியாக 'பிக் ஹவுஸ்' நடக்கவிருந்தது. நவம்பரில் நிண்டெண்டோவின் கடிதம் வந்தது: நிறுத்துங்கள். ஸ்லிப்பியோடு சட்டவிரோதமாகப் பிரதியெடுத்த கேம் பயன்படுத்தப்படுகிறது என்பது காரணம். பதிப்புரிமைச் சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் பலவீனமானதல்ல. ஆனால் அந்த கேமுக்கு இணையவழிப் பதிப்பை நிறுவனம் விற்றிருந்தால், ரசிகர்கள் காசு கொடுத்து அதை வாங்கியிருப்பார்கள். விற்காத ஒன்றை ரசிகர்கள் தாங்களே உருவாக்கினார்கள் என்பதுதான் நடந்தது. வழக்காடப் பணமில்லாத ஏற்பாட்டாளர்கள் பணிந்தார்கள்.

2013இல் 'இவோ'வில் மெலேக்கு இடம்பிடிக்க ரசிகர்கள் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு 94,000 டொலருக்குமேல் திரட்டினார்கள். அப்போதும் நிண்டெண்டோ ஒளிபரப்பைத் தடுக்கப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கியது. 2020இல் பின்வாங்கவில்லை.

2023 நவம்பரில் விதிகளே வந்துவிட்டன. தனி அனுமதி இல்லாமல் நடத்தினால் மண்டபத்தில் 200 பேர், இணையத்தில் 300 பேர்தான். பரிசுக்கும் 5,000 டொலர் எல்லை. அனுசரணையாளர் கூடாது.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எங்கள் ஊர்க் கழகங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஞாபகார்த்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் கனடாவிலிருந்து ஒருவர் கிண்ணம் தருவார், சந்தியிலுள்ள கடைக்காரர் சோடா தருவார். மைதானத்துக்குப் பிரதேச சபையைக் கேட்க வேண்டும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸைக் கேட்க வேண்டும். உதைபந்தாட்டத்தை விளையாடலாமா என்று எவரையும் கேட்டதில்லை. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் மைதானத்தை இராணுவத்திடம் இழந்தாலும், போன இடத்தில் பந்தைப் போட்டு விளையாடினார்கள். பந்துக்குப் பதிப்புரிமை இல்லை. மெலே விளையாடுபவர்களுக்கு மைதானம், பந்து, விதி எல்லாமே ஒரே நிறுவனத்தின் சொத்து. கூடிய மனிதர்கள் மட்டும்தான் அவர்களுடையவர்கள்.

தம்பிக்கு இந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. "நீங்கள் எல்லாத்தையும் ஊருக்குக் கொண்டுவந்து விடுவீங்கள்" என்றான். அவனுடைய கவலை வேறு. நிண்டெண்டோவின் கடிதம் அந்தச் சுற்றுப்போட்டியை நிறுத்தியதே தவிர, ஸ்லிப்பி தொடர்ந்து இயங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு, தாமதம் குறைந்த ஓர் எதிராளிக்காக அவன் காத்திருக்கிறான்.