சொல்லும் அபிநயமும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றினர் நம் முன்னோர். ஆயினும், வகுப்பறையில் இயலுக்கே இடமுண்டு. நாடகமோ ஆண்டு விழா மேடையோடு நின்றுவிடுகிறது. நாள்தோறும் நிகழும் சொற்பயிற்சிக்கும் நடிப்பு வேண்டும் என்பதே நம் கருத்து.

அருஞ்சொற்களுக்குப் பொருளெழுதி மனனஞ் செய்வது பெருவழக்காயுள்ளது. அங்ஙனம் கற்ற சொல் தேர்வு நாள்வரை நின்று பின் மறைகிறது. உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என்னும் நான்கிற்கும் 'சாப்பிடுதல்' என்றே பொருளெழுதிக் கொடுப்பின், மாணாக்கர் வேறுபாட்டை உணர்வது எங்ஙனம்? சோறும், முறுக்கும், பாலும், தேனும் முன்னிருப்பனவாகப் பாவித்து நால்வர் நடித்துக் காட்டின், கண்டவர் எளிதில் மறவார்.

மேனாட்டாரும் இந்நெறியைக் கையாண்டுளர். ஜப்பானில் ஆங்கிலம் பயிற்றிய ஹெரால்டு பாமர், செயல்வழி ஆங்கிலம் கற்பிக்கும் நூலை 1925இல் டோக்கியோவில் வெளியிட்டார். ஆசிரியர் ஏவ, மாணாக்கர் அதனை உடலாற் செய்து காட்டும் முறையை ருஷிய மொழி கற்பித்தலில் ஆராய்ந்து, அமெரிக்க உளநூலறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1965இல் எழுதினார்.

"ஓடு, தாவு என்பவற்றை நடிக்கலாம், நாணத்தை எவ்வாறு நடிப்பது?" என வினவுவாருளர். தக்க வினாவே. தலைகுனிதல் ஒன்றே நாணத்தையும், அச்சத்தையும், பணிவையும் குறிக்கக்கூடும். ஆதலின் வெறும் அசைவு போதாது. இன்னார், இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் தலைகுனிந்தார் என்னும் சிறு நிகழ்ச்சியும் வேண்டும். அசைவு வினைச்சொல்லை விளக்கும். நாடகமே பண்புச்சொல்லை விளக்கும்.

கூச்சல் மிகும், காலம் வீணாகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு பாடத்திற்கு ஐந்து சொற்களும் பத்து நிமிஷமும் போதும். கூச்சமுடைய மாணாக்கரை வலிந்து முன்னிறுத்தாது, காட்சியைக் கண்டு சொல்லைக் கூறும் பணியை அவர்க்கு அளிக்கலாம். முடிவில் ஒவ்வொருவரும் அச்சொல்லை அமைத்து வாக்கியம் ஒன்று எழுதுதல் இன்றியமையாதது. அஃதின்றேல் நடிப்பு வெறும் கேளிக்கையாய் முடியும்.

வீட்டில் நூல்களில்லாத பிள்ளைக்கு வகுப்பறையே சொற்களஞ்சியம். அங்கும் பொருளறியாச் சொற்களையே பெற்றுச் செல்வானாயின், அவன் தன் எண்ணத்தை எதனாற் கூறுவான்? ஆசிரியத் தொழிலை மேற்கொண்டுள்ள நம் பழைய மாணவர்களும், மேற்கொள்ளவிருக்கும் இளைஞர்களும் இதனைச் சிந்திப்பாராக. இவ்வாண்டு ஒரு வகுப்பிலேனும் சோதித்துப் பார்ப்பாராயின், அதுவே நாம் வேண்டுவது.