கேசட்டில் இருக்கும் அம்மா குரல்

1989-ல் எடுத்த என் தங்கை கல்யாண வீடியோவை டெக்கில் ஓடவிட்டு, டிவிடி ரெக்கார்டர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்து இரண்டு நாள் மல்லாடினேன். பலனில்லை. ரெக்கார்டரின் முன்பக்கம் கேம்கார்டருக்கென்று இருக்கும் சின்ன சாக்கெட் படத்தை உள்ளே வாங்கத்தான்; வெளியே தராது.

கேப்சர் கருவி வாங்கி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் அனுப்பலாம் என்பார்கள். டிஜிட்டலாக மாறிவிட்ட படத்தைத் திரும்ப அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்குவது ஆறிய காபியைச் சூடுபண்ணிக் குடிக்கிற மாதிரி.

என் கட்சி இதுதான்: ஒயரை விடுங்கள், டிஸ்க்கே தூது போகட்டும். அழித்து எழுதக்கூடிய டிவிடியில், இரண்டு மணி நேரம் பிடிக்கும் எஸ்.பி. மோடில் பதிவு செய்யுங்கள். மறக்காமல் 'ஃபைனலைஸ்' கொடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். தரம் துளியும் குறையாது.

தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016-ல் டெக் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக் போனால் ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டும். கேசட்டிலும் பூஞ்சை ஏறும்.

அந்த வீடியோவில் பந்தி நடுவே அம்மா, "இன்னும் கொஞ்சம் பாயசம் விடுப்பா" என்கிறாள். அவள் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. இப்போது பேரன் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது.