‘எலும்பு உரசுது’ன்னு சொன்னா உடனே ஆபரேஷனா?

செஞ்சின்னா உங்களுக்கு ராஜகிரி கோட்டையும், 2025-ல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரமும்தான் ஞாபகம் வரும். அதே ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை சுமக்கிற தோள்களை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை.

தோள் வலின்னா நம்மகிட்ட காரணம் ரெடியா இருக்கும். ‘வாயுப் பிடிப்பு’ன்னு தைலம் தேய்ப்போம். ‘எலும்பு உரசுது’ன்னு யாராவது சொல்லிட்டா, உரசுறதைச் செதுக்கத்தானே வேணும்னு மனசு ஓடும்.

இதை பிரிட்டனில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தோள் எலும்பை நிஜமாகவே செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்குத் துளை போட்டு உள்ளே பார்த்துவிட்டு, எதையும் வெட்டாமல் மூடிவிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு இது. 2019-ல் பி.எம்.ஜே. வழிகாட்டுதலும் இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றது. (கீழே விழுந்து கையைத் தூக்கவே முடியலைன்னா அது வேற கதை. உடனே டாக்டரைப் பாருங்க.)

பிசியோதெரபியை 2021-லேயே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. ஆனா, ஊசி போட்டாத்தான் வைத்தியம்னு நம்புற நமக்கு, தினமும் கையைத் தூக்கி இறக்கும் பயிற்சி வைத்தியமாவே தெரியறதில்லை. வாரக்கணக்கில் செஞ்சாதான் வித்தியாசம் தெரியும். சுகர் இருந்தால் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதையும் செக் பண்ணிடுங்க. அடுத்த தடவை டாக்டரிடம், ‘முதல்ல பயிற்சி செஞ்சு பார்க்கலாமா?’ன்னு நீங்களே கேளுங்க.