கதவைத் திறந்தது கருணையா?

"பெண்களுக்குச் சித்திரமும் சங்கீதமும் போதும், மேற்படிப்பு எதற்கு?" என்று உபதேசிப்போர் இன்றும் நம்மிடையே உளர். அன்னவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் சரித்திரத்தைச் சற்றே நோக்குவாராக.

1701-ல் தோன்றிய யேல், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 1864-ல் அகஸ்டஸ் ஸ்ட்ரீட் என்னும் செல்வர் அங்கு நுண்கலைப் பள்ளி அமைக்கப் பொருள் வழங்கினார். இருபாலாரையும் சேர்த்தல் வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. 1869-ல் வகுப்புகள் தொடங்கின. முதலிற் சேர்ந்தோருள் ஆலிஸ், சூசன் சில்லிமான் என்னும் பெண்மணிகள் இருவர். 1891-ல் யேலின் நுண்கலை இளங்கலைப் பட்டத்தை முதன்முதற் பெற்றவரும் ஜோசபின் மைல்ஸ் லூயிஸ் என்னும் பெண்மணியே.

1892-ல் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கும் பெண்களை அனுமதித்தனர். ஆனால் இளங்கலைக் கல்லூரி அவர்களை ஏற்றது எப்பொழுது? 1969-ல்! முனைவராகத் தகுந்தவள் இளங்கலை மாணவியாகத் தகாள் என்ற விந்தையை என்னென்பது! நுண்கலைப் பள்ளி திறந்து அதற்குள் நூறாண்டு கழிந்தது. அந்நூறாண்டில் பெண்ணின் மூளையா வளர்ந்தது? அன்று, ஆணின் பிடிவாதமே தளர்ந்தது.

"கலை பெண்மைக்கு இயல்பு, அதனாற் சேர்த்தனர்" என்பர் சிலர். இயல்பை அறிந்தவர்க்கு நிபந்தனை எதற்கு? கதவைத் திறந்தது கற்றோரின் கருணையன்று; கொடையாளர் எழுதிய ஒரு வரி!

நகரத்துச் செல்வர்களே! கல்விக்கு நிதி அளிக்கும்போது அவ்வரியை நீங்களும் எழுதுங்கள். தோட்டத்துத் தோழர்களே! மகனுக்கு வாங்கும் புத்தகத்தை மகளுக்கும் வாங்குங்கள். பிறர் மனம் இளகுமென்று இன்னுமொரு நூறாண்டு காத்திருக்க நம் பெண்மக்களுக்கு ஆயுள் இல்லை.