கணக்கிற்கு வேலி தகுமா?

காப்புரிமை என்பது அரசும் கண்டுபிடிப்பாளரும் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. கண்டுபிடிப்பாளர் தாம் கண்டறிந்ததை மறைக்காமல் எழுதித் தருகிறார். அதற்கு ஈடாக, தம் இசைவின்றிப் பிறர் அதனைப் பயன்படுத்தாதவாறு தடுக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பெறுகிறார். இந்தியாவில் அக்காலம் 20 ஆண்டுகள். புதிய எந்திரத்திற்கோ மருந்திற்கோ இவ்வுடன்பாடு பொருத்தமானதே. ஆனால், ஒரு கணக்கை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்று கணினிக்குக் கூறும் நெறிமுறைக்கும் இதே வேலியை இடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

கணினி வரைகலையிலிருந்து ஒரு சான்று காண்போம். சி.டி. ஸ்கேன் கருவி உடலை மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களாகத் தருகிறது. அவற்றை ஒன்றிணைத்து எலும்பின் முப்பரிமாண உருவத்தைக் காட்டுவது எவ்வாறு? அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வாளர்கள் வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் ஆகியோர் அழகிய விடை கண்டனர். படங்களுக்கு இடைப்பட்ட வெளியைச் சிறு கனசதுரங்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றின் 8 முனைகளும் எலும்பின் உள்ளே இருக்கலாம், வெளியே இருக்கலாம். எனவே, 256 அமைப்புகள் உண்டு. சமச்சீர்மையால் அவை 15 வகைகளுள் அடங்கும். ஒவ்வொரு வகைக்கும் உரிய முக்கோணங்களை அட்டவணையிலிருந்து எடுத்து அடுக்கினால் எலும்பின் உருவம் திரையில் எழும். ‘மார்ச்சிங் கியூப்ஸ்’ எனப்பட்ட இந்நெறிமுறைக்கு 1987இல் காப்புரிமை கிடைத்தது.

அது 2005இல் காலாவதியாகும்வரை, அதனைத் தவிர்ப்பதற்காகவே கனசதுரங்களை நான்முகிகளாகப் பிளக்கும் மாற்றுவழிகளைப் பலர் கையாண்டனர். முன்னேறிச் செல்லவேண்டிய உழைப்பு சுற்றிச் செல்வதில் கழிந்தது.

வேலிதான் புதிய பாதைகளைத் தூண்டுகிறது என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஜிஃப் படங்களில் பயன்பட்ட சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் 1994இல் உரிமத்தொகை கோரியபோது, அதற்கு மாற்றாகப் பி.என்.ஜி. என்னும் படவடிவம் பிறந்தது. எனினும், அதனை உருவாக்கியவர்கள் அதற்கு வேலியிடவில்லை. எல்லார்க்கும் பொதுவாக வைத்தனர். அது உலகெங்கும் பரவியது அதனாலன்றோ?

இன்னொரு சான்று 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி ஆகியோர் வெளியிட்ட விரைவு ஃபூரியர் உருமாற்றம். 1024 அளவீடுகளுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பெருக்கல்கள் தேவைப்பட்ட கணக்கை அது சுமார் 10 ஆயிரமாகக் குறைத்தது. கூலி பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. இன்று எம்.ஆர்.ஐ. கருவி முதல் மீத்திறன் கணினி வரை அது இயங்குகிறது. இதே கருத்தைக் கணித மேதை காஸ் ஏறத்தாழ 1805ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. அவ்வாறாயின், அதற்கு வேலியிடும் உரிமை யாருக்கு உண்டு?

உழைத்தவருக்குப் பயன் வேண்டாமா எனக் கேட்கலாம்; வேண்டும். எழுதிய நிரலைப் பதிப்புரிமை காக்கிறது; புதிய கருவியைக் காப்புரிமை காக்கிறது. அவற்றின் அடியிலுள்ள கணக்கு மட்டும் பொதுவில் இருக்கட்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணிதமுறைகளையும் நெறிமுறைகளையும் கண்டுபிடிப்புகளாக ஏற்பதில்லை. இவ்வெல்லைக்கோட்டைத் தளர்த்தவேண்டும் என்ற குரல்கள் எழும்போது, நாம் அதனைக் காக்கவேண்டும். பெருநிறுவனம் உரிமத்தொகையைச் செலுத்திவிடும்; பள்ளிக் கணினியில் நிரல் எழுதும் மாணவருக்கு அது இயலாது.